அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை

அண்ணனின் படகு மணலில் ஏறி நின்றதும் பக்கத்து வீட்டு மாமா வந்து ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சங்கரா மீன். ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம், சிவப்பு இன்னும் மங்காமல் கிடந்தது.

"எங்கப்பா பட்டுது?" என்றார் மாமா.

"வெளியதான் மாமா," என்றான் அண்ணன், கயிற்றைச் சுற்றியபடியே.

"வெளியன்னா?"

"தோ, அப்டியே கொஞ்சம் வெளிய." முகவாயால் கடலைக் காட்டினான். மொத்தக் கடலையும்.

மாமா சிரித்துவிட்டார். "நல்லா சொன்ன போ. அட்ரஸ எழுதி பாக்கெட்ல வச்சிக்கறேன்," என்று தன் படகுப் பக்கம் நடந்தார்.

நான் கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து, மடியில் நாடகப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். மீன் இறக்க உதவ வந்தவள், உதவாமல் படித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. அந்த நிமிஷம்தான் அது என் மண்டையில் இறங்கியது. அண்ணன் பொய் சொல்லவில்லை. வெளியேதான் பிடித்தான். கொஞ்சம் வெளியேதான். சொன்ன எல்லாமே நிஜம். ஆனால் மாமாவுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் இது ஒரு முறை. எங்கே மீன் பட்டது என்று யாரும் யாரையும் கேட்கலாம். பதிலில் பொய் இருக்கக் கூடாது. கடலைப் பற்றிப் பொய் சொன்னவனுக்கு அடுத்த தடவை கடல் பொய் சொல்லும் என்று ஒரு பயம். அதற்காக முழுசாகச் சொல்லவும் வேண்டியதில்லை. கேட்பவர் இரண்டு தடவை கேட்பார். மூன்றாவது தடவை கேட்க மாட்டார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டால் எதிராளி உள்ளதைச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒருத்தனை மடக்குவது அசிங்கம் என்பதால் இரண்டோடு சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அதுவரை அதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை.

மடியிலிருந்த நாடகத்தில் வருகிற ஒருவனும் இதையேதான் செய்துகொண்டிருந்தான்.

நாடகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய செய்யுள் நாடகம், எங்களுக்குப் பாடம், முடிவில் எல்லாரும் சாகிற வகை. கதை இதுதான். கழிமுகத்துக் கோட்டை ஒன்றை எதிரிப் படை சூழ்ந்திருக்கிறது. கழியின் சேற்றுக்குள் காலால் நடந்து கோட்டைக்குள் வரக்கூடிய ஒரு ரகசிய வழி உண்டு. அது அரசனுக்குத் தெரியும். ஒரு விருந்து நாளில் தன் பால்ய நண்பனான படைத்தலைவனுக்கு அதைச் சொல்கிறான். நண்பன் அதை எதிரியிடம் சேர்த்துவிடுகிறான். அரசன் அந்தச் சேற்றிலேயே விழுந்து சாகிறான். உரைநூல்கள் எல்லாம் அந்த நண்பனை நாக்கில் தேன், நெஞ்சில் நஞ்சு, பொய்யின் உருவம் என்றே எழுதியிருந்தன. வகுப்பில் நாங்களும் அப்படியே எழுதி மார்க் வாங்கியிருந்தோம்.

"இன்னாடி, பொஸ்தகத்தையே மொறச்சிகினு கீற?" என்று அண்ணன் ஒரு ஈரக் கயிற்றை என் கால் மேல் போட்டான். "மீன எடுத்துப் போடு. அந்த ராஜா அப்பறமா செத்துக்குவான்."

மீனை எடுத்துப் போட்டேன். கை வேலை செய்தது. தலை வேறெங்கோ இருந்தது.

அன்றைக்கே பென்சிலும் புத்தகமுமாக உட்கார்ந்தேன். அந்த நண்பன் பேசுகிற ஒவ்வொரு வரியையும் எடுத்து, அது நிஜமா பொய்யா என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். மாமல்லபுரத்திலிருந்து கேளம்பாக்கம் போகும் பஸ்ஸில் இரண்டு நாள் குறித்தேன். திருப்போரூரில் ஏறிய ஒரு அக்கா நான் ஏதோ பரீட்சை பேப்பர் திருத்துகிறேன் என்று நினைத்து, "நெறய பேரு பெயிலா?" என்று கேட்டார். இல்லை, எல்லாரும் பாஸ் என்றேன். உண்மையும் அதுதான். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அரசன் கேட்கிறான், காலையில் எங்கே போயிருந்தாய் என்று. காவல் மேடைகளைப் பார்க்கப் போயிருந்தேன் என்கிறான் நண்பன். போயிருந்தான். அங்கே யாரைப் பார்த்தான் என்பதை மட்டும் விட்டுவிடுகிறான். உன்னோடு பேசிக்கொண்டிருந்தவன் யார் என்று அரசன் மறுபடி கேட்கிறான். உப்பு வியாபாரி என்கிறான். அவன் நிஜமாகவே உப்பு வியாபாரிதான்; எதிரியின் ஒற்றனாகவும் இருந்தான், அவ்வளவே. மூன்றாவது கேள்வி வருவதில்லை. அரசன் அங்கே நிறுத்திவிட்டு, நட்பைப் பற்றி நாற்பது அடிக்கு ஒரு செய்யுள் சொல்கிறான். கடைசிவரை உன் பக்கத்தில் நிற்பேன் என்று நண்பன் வாக்குக் கொடுக்கிறான். கடைசிக் காட்சியில் அப்படியே பக்கத்தில்தான் நிற்கிறான், வழியைத் திறந்துவிட்டபடி.

மொழியிலும் இதைப் பார்க்க முடிந்தது. தொடக்கத்தில் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பேச்சு. போகப்போக நண்பனின் வரிகள் சுருங்குகின்றன. அவன் எவ்வளவு சுருக்குகிறானோ அவ்வளவுக்கு அரசனின் செய்யுள் நீள்கிறது, உவமை மேல் உவமை. நண்பன் விட்ட இடத்தையெல்லாம் அரசனே தன் அன்பால் நிரப்பிக்கொள்கிறான். பொய்யை யாரும் சொல்லவில்லை. கேட்டவனே அதைத் தயாரித்துக்கொண்டான்.

இதைக் கண்டுபிடித்தபோது பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "கேளம்பாக்கம் இன்னும் வரல, உக்காரும்மா," என்றார்.

நல்ல மார்க்குக்காக மட்டும் நான் இப்படிக் குதிக்கவில்லை. எங்கள் கல்லூரி படூரில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு கருத்தரங்கு நடக்கும். ஒரு துறைக்கு ஒரு மாணவர் கட்டுரை. தேர்வாகிற கட்டுரை அச்சாகும். அதை வைத்துத் துறைத் தலைவி மேடம் சென்னையில் எம்.ஏ. இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். வீட்டில் எனக்கு டிகிரியோடு படிப்பு சரி என்று முடிவாகியிருந்தது. கடற்கரை ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலைகூடப் பேசி வைத்திருந்தார்கள். அண்ணன் மட்டும் சொல்லியிருந்தான்: "நீ அந்தக் கடிதாசி வாங்கினு வா. நைனாகிட்ட நான் பேசிக்கறேன்." அப்பா கடலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து வீட்டில் அண்ணன் பேச்சுத்தான் பேச்சு. ஆக, அந்தக் கட்டுரையின் பத்துப் பக்கத்தில்தான் என் அடுத்த இரண்டு வருஷம் இருந்தது.

நான் கண்டுபிடித்ததை முதலில் சொன்னது என்கூடப் படிக்கிற ஒருத்தியிடம்தான். ஊரப்பாக்கத்துப் பெண். வண்டலூர் வழியாக வருவாள். நான் திருப்போரூர்ப் பக்கமிருந்து வருவேன். கேளம்பாக்கத்தில் இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுச் சேர்ந்து போவோம். மூன்று வருஷமாக இதே பெஞ்ச். என் சாப்பாட்டு டப்பாவில் மீன் குழம்பு அவளுக்கு, அவள் டப்பாவில் தயிர்சாதம் எனக்கு.

"சும்மா கதை விடாத," என்றாள். "மூணாவது தடவ கேட்டா உண்மைய சொல்லிடுவாங்களா? அப்ப நான் டெய்லி மூணு தடவ கேப்பேனே."

"கேட்டா நாளைக்கு உன்கூட யாரும் பேச மாட்டாங்கடி."

"சரி, அப்படி என்ன பெரிய ரகசியம்? தண்ணில எங்க இருக்கு அட்ரஸ்? எல்லாம் ஒரே தண்ணிதானே."

அந்த ஒரே தண்ணி என்ற சொல் என்னைச் சீண்டிவிட்டது. எனக்குத் தெரிந்ததை அவளுக்குக் காட்டிவிட வேண்டும் போலிருந்தது. பார் என்று ஒன்று இருக்கிறது என்றேன். கடலடியில் பாறை மேடு. அங்கேதான் சங்கரா ஒதுங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கரையில் இருக்கிற இரண்டு பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வரும்வரை படகை நகர்த்த வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு பொருள்கள் அதேபோல ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் பார். இப்போது எல்லாரிடமும் ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. இருந்தும் புது இடத்தை முதலில் கண்ணால்தான் பிடிப்பார்கள்.

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். கட்டுரைத் தாள் ஒன்றை எடுத்துப் படமாகவே வரைந்தேன். கரை, நான்கு பொருள்கள், இரண்டு கோடுகள். ஒரு தென்னை மரம், ஒரு கோவில் என்று எதையாவது கற்பனையாகப் போட்டிருந்தால் போதும். நான் நிஜமானதைப் போட்டேன். அண்ணனின் பார். இரண்டு வருஷம் தூண்டில் தூண்டிலாக இழந்து அவன் கண்டுபிடித்த இடம். அந்த நான்கு பொருள்கள் எவை என்று இங்கே எழுத மாட்டேன், இனி எழுதிப் பயனில்லை என்றாலும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், வீட்டில் படித்தவள் நான்தான். அண்ணனின் ஜிபிஎஸ் பெட்டியில் இடங்களுக்குப் பெயர் அடிப்பது என் வேலை. பெட்டியைத் திருடினாலும் புரியாதபடி வேண்டுமென்றே வேறு பெயர் வைப்பேன். மீனே படாத ஒரு இடத்துக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர். இந்தப் பாருக்கு செமஸ்டர். "செமஸ்டருக்குப் போய்ட்டு வரேன்" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் எல்லாரும் சிரிப்போம்.

படத்தைப் பார்த்து அவள் கண் விரிந்தது. "செமடி. இத கண்டிப்பா பேப்பர்ல வைக்கணும்."

"முறைய மட்டும் எழுதலாம். படம் வேணாம்," என்றேன். அது நினைவிருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்துப் போடவில்லை என்பதும் நினைவிருக்கிறது. பின்னால் அது என் கட்டுரையின் ஏழாம் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவில் போய்ச் சேர்ந்தது.

என்னிடம் லேப்டாப் இல்லை. அவளிடம் இருந்தது. கையால் எழுதிய பத்துப் பக்கத்தையும் அவளிடம் கொடுத்தேன். அவள் டைப் அடிப்பாள், அடிக்குறிப்பு போடுவாள், இரண்டு பேர் பெயரும் இருக்கும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு என்று இப்போது சொல்கிறேன். யோசித்துப் பார்த்தால், பெயர் விஷயத்தை நாங்கள் வாய்விட்டுப் பேசினோமா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெஞ்சில் கேட்டேன். "மேடம்கிட்ட குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்டி. அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம டிபார்ட்மென்ட் பேப்பர் அதான்னு சொல்லிட்டாங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. "யார் படிக்கறதுன்னு எதுனா சொன்னாங்களா?"

"ஒரு பேப்பருக்கு ஒருத்தர்தான் மேடை ஏறணுமாம்."

பஸ் வந்தது. ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன். படிக்கிறது அவளாகவே இருக்கட்டும், அவளுக்குக் குரல் நன்றாக இருக்கும், எனக்கு மேடையில் வேகமாகப் பேச்சு வந்து தடுமாறும், பாவம் அதை என்னிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறாள். இப்படியெல்லாம் நானே யோசித்து, நானே அவளுக்காக இரக்கப்பட்டு, நானே முடித்தும் வைத்தேன். நாற்பது அடிச் செய்யுள்.

கருத்தரங்கன்று அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறாவது வரிசையில் இடம் கிடைத்தது. கையில் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் கட்டுரைத் தலைப்பு நான் வைத்ததுதான். கீழே ஒரே ஒரு பெயர். அச்சுப் பிழை என்று நினைத்தேன், நிஜமாகவே. மேடை ஏறி அவள் தொடங்கினாள். கரையில் மீன் இறக்குகிற காட்சியோடு தொடங்கினாள். முகவாயால் மொத்தக் கடலையும் காட்டிய அண்ணன், "ஒரு மீனவர்" ஆகியிருந்தான். கூடை மேல் உட்கார்ந்திருந்த நான் அதில் இல்லை. கூட்டம் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தது. இரண்டு கேள்வி முறையை அவள் விளக்கியபோது பின்னாலிருந்து யாரோ, "ப்பா," என்றார்கள்.

பிறகு திரையில் படம் வந்தது. என் படம்தான். நீலக் கடல், மஞ்சள் கரை, நான்கு பொருளும் அழகான சின்னச் சின்னச் சித்திரங்களாக, இரண்டு கோடும் சிவப்பில். கோடுகள் வெட்டுகிற இடத்தில் ஒரு மீன் படம். என் பக்கத்தில் ஒருவன் அதைப் போனில் எடுத்தான். மேடைக்குக் கீழே ஒரு கேமரா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தது.

படிக்கட்டில் பிடித்தேன் அவளை.

"என் பேர் எங்கடி?"

"ஒருத்தர் பேர்தான் போடணும்னு ரூல்டி. நான் என்ன பண்றது?"

"அத என்கிட்ட சொல்லல."

"நீ கேக்கலையே." குரலில் கோபம்கூட இல்லை. களைப்பாகச் சொன்னாள். "நீ கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். எதுனா பொய் சொன்னேனா, சொல்லு."

கையிலிருந்த நிகழ்ச்சி நிரலை இரண்டாக மடித்தேன்.

"மூணாவது தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேக்க மாட்டீங்கன்னு நீதானே எழுதியிருந்த." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "எனக்கும் எம்.ஏ. வேணும்டி. உனக்குன்னா உங்கண்ணன் இருக்கான்."

நான் எழுதிய கட்டுரையை மிக நன்றாகப் படித்த வாசகி அவள்தான். அவள் கட்டுரையைத் திருடியது ஒரு பக்கம். என் வீட்டாரின் ஒரு நல்ல வழக்கத்தை, ஒருத்தனை மடக்கக் கூடாது என்கிற கூச்சத்தை, என்மேலேயே அளவெடுத்துத் தைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாளிலிருந்து நான் அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை. நேரே ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன்.

அந்த வீடியோ கல்லூரியின் இணையப் பக்கத்தில் ஏறியது. எங்கள் குப்பத்துப் பையன்களின் வாட்ஸாப் குழுவில் யாரோ அதைப் போட்டு, நம்ம ஆளுங்களப் பத்திப் பேசறாங்க பார்ரா என்று எழுதியிருந்தார்கள். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அந்தப் படத்தைப் படிக்க எங்கள் ஊரில் யாருக்கும் அடிக்குறிப்பு தேவையில்லை.

நான்காம் நாள் காலை அண்ணன் சீக்கிரமே திரும்பி வந்தான். ஐஸ் பெட்டி லேசாக இருந்தது. கரையில் வைத்துப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, நாஸ்தா சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் சொன்னான்.

"செமஸ்டர்ல அஞ்சு படகு நின்னுகினு கீது."

நான் இட்லி வைத்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ வீடியோல படம் போட்டு காட்னானாமே. ஒங்க காலேஜாமே."

"ஆமாண்ணா. என்கூட படிக்கறவ."

"நீயா சொன்ன?"

"மேடைல பேசனது நான் இல்லண்ணா," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "ஒனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லயே?"

"என் பேரே அதுல இல்ல. வேணும்னா பாரு."

சொன்னது இரண்டுமே நிஜம். அண்ணன் தலையை ஆட்டினான். மூன்றாவது தடவை கேட்கவில்லை. இட்லியைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டு, "அந்தப் பொண்ணு வெவரம் தெரியாம செஞ்சிருக்கும், வுடு," என்று எனக்கே ஆறுதல் சொன்னான். விட்ட இடத்தை அவனே நிரப்பிக்கொண்டான்.

அடுப்பங்கரையில் போய் நின்றேன். படிக்கட்டில் அவள் நின்ற மாதிரி நான் நிற்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அந்த இரண்டு நாளும் அண்ணன் என்னோடு சாதாரணமாகவே பேசினான். அதுதான் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவன் மணலில் உட்கார்ந்து தூண்டில் முடிந்துகொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, ஒரே தண்ணி என்று அவள் சொன்னது, எனக்கு வந்த வீம்பு, தாள், பத்துப் பக்கம், ஒரே பெயர். என் கட்டுரையைத் திருடிவிட்டாள் என்று சொல்லும்போது அழுகை வந்தது. அண்ணன் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவ ஒன்னுத எடுத்துகினா," என்றான் கடைசியில். "நீ யாருத குடுத்த?"

அவ்வளவுதான் கேட்டான். கத்தவில்லை, அடிக்கக் கை ஓங்கவில்லை. எழுந்து உள்ளே போனான். என் புத்தக அலமாரியில் சார்ஜ் போட்டு வைத்திருந்த ஜிபிஎஸ் பெட்டியை எடுத்துவந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இனிமே பேரு நானே வச்சிக்கறேன்."

எம்.ஏ. பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

மேடத்தைப் பார்க்கப் போனது ஒரு வேகத்தில்தான். கட்டுரை என்னுடையது என்றேன். அவர் நிதானமாக, "உன்னால காட்ட முடியுமா?" என்றார். கையெழுத்துப் பக்கங்கள் அவளிடம் இருந்தன. என்னால் காட்ட முடிந்த இன்னொரு சான்று, நான் வரைந்த படத்தின் நான்கு பொருளும் என் வீட்டுக்குத்தான் தெரியும் என்பது. அதை வாயெடுத்துச் சொல்வதற்குள் அண்ணன் முகம் வந்து நின்றது. பேசாமல் பையிலிருந்து நாடகப் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரமெல்லாம் பென்சில். பஸ் குலுங்கிய இடங்களில் கோணல் கோணலாக.

"இது உன் படிப்புதான்னு எனக்குத் தெரியுது," என்றார். "ஆனா பேர் அச்சுக்குப் போயிடுச்சும்மா. அவகிட்ட நான் பேசறேன், அது தனி. உனக்கு லெட்டர் வேணும்னா புதுசா ஒண்ணு எழுது. செங்கல்பட்டுல அடுத்த மாசம் ஒரு கருத்தரங்கு இருக்கு. இதுலேர்ந்து ஒரு வரி அதுல வரக் கூடாது."

வெளியே வந்தபோது எனக்கு அவர்மேலும் ஆத்திரமாக இருந்தது. தெரிந்தும் என்ன பயன். அவளிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்திருந்தது: சாரிடி, பேசலாமா. அதற்கு இன்றுவரை பதில் போடவில்லை. போடுவேனா என்றும் தெரியாது. மன்னித்துவிட்டதாக எழுதினால் அழகாக இருக்கும். மன்னிக்கவில்லை.

நாடகத்தை மறுபடி திறக்கவே கசந்தது. எந்தப் பக்கம் போனாலும் என் பென்சில் கோடு, அதன் மேல் அவள் குரல். குறிக்காத பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இரண்டாம் அங்கத்தில் ஒன்று இருந்தது. சின்னக் காட்சி. பாடத்தில் கிடையாது, பரீட்சைக்கு வராது, வகுப்பில் தாண்டிவிட்டார்கள். அரசனுக்கு அந்தக் கழிவழி எப்படித் தெரிந்தது என்று சொல்கிற காட்சி. ஒரு ஓடக்காரன் காட்டுகிறான். கோட்டைக்கு வெளியே மாட்டிக்கொண்ட அரசனை அந்தச் சேற்று வழியாகக் கூட்டிவந்து விடுகிறான். தன் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வழி, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறான். அரசன் தன் மோதிரத்தைத் தருகிறான். அடுத்த அங்கத்து விருந்தில், நண்பனின் கண் விரியட்டும் என்று, அதே வழியைத் தன் சொந்த ஞானம்போல எடுத்துவைக்கிறான்.

இந்த அரசனுக்காகத்தான் நான் பத்துப் பக்கம் உருகியிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் படகு வந்தபோது போய் நின்றேன். அவன் இப்போது வேறு வேறு பக்கமாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தூண்டில்கள் பாறையில் மாட்டி அறுந்துபோய், முடிச்சு மட்டும் மிச்சமாக வந்திருந்தன. கூப்பிடாமலே ஐஸ் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். அவன் விடு என்று சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு நடக்கும்போது ஓடக்காரன் கதையைச் சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டான். "அந்த ஓடக்காரன் அப்பால இன்னா ஆனான்?"

"தெர்ல. அப்பறம் அவன் வரவே மாட்டான்."

"எழுதனவரு மறந்துட்டாரா?"

"படிச்சவங்களும் மறந்துட்டாங்க. நானும்தான்."

பெட்டியை இறக்கி வைத்தோம். அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "வழி எல்லாருக்கும் தெரிஞ்சி பூட்ச்சி. படை அது வழியா வந்து பூட்ச்சி. மறுநாள் காலைல அவன் ஓடத்த எந்தப் பக்கம் தள்ளிகினு போயிருப்பான்? அத எவனாவது எழுதிகீறானா?"

யாரும் எழுதவில்லை. எந்த உரையிலும் இல்லை, நான் தேடிப் பார்த்தாகிவிட்டது.

செங்கல்பட்டுக் கருத்தரங்குக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இந்தத் தடவை தாளில் எழுதவில்லை. மெதுவாக வந்தாலும் போனிலேயே அடிக்கிறேன், யாரிடமும் கொடுக்காமல். படம் எதுவும் கிடையாது. முதல் பக்கத்தில் என் பெயரும், இந்தக் கேள்வியைக் கேட்டது யார் என்பதும் இருக்கும். அப்படிப் போடலாமா என்று அண்ணனிடம் முதலில் கேட்க வேண்டும். முடித்ததும் அவனுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். எந்த வரியில், சொல்லக் கூடாதது வந்துவிட்டதென்று அவன் தூண்டிலிலிருந்து தலையைத் தூக்குகிறானோ அந்த வரியை எடுத்துவிடுவேன். அரசன் சாகிற இடத்திலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அவன் சேற்றில் கிடக்கட்டும். விடிந்த பிறகு, கழியில் தண்ணீர் ஏறத் தொடங்கும்போது, ஓடக்காரன் துடுப்போடு வந்து நிற்கிறான்.